வளவுதான் வீடு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒருவர் "எங்களுக்கு இந்திய வீடு கிடைச்சது" என்று சொன்னால், அவர் நடுமுற்றமும் ஊஞ்சலும் ஆத்தங்குடித் தரையும் கொண்ட மாளிகையைச் சொல்லவில்லை. இந்திய அரசின் ஐந்தரை இலட்சம் ரூபா மானியம் கட்டம் கட்டமாக வங்கிக்கணக்கில் வந்துசேர, தானே மேசன் பிடித்து, தானே மணல் ஏற்றி, பிள்ளைகள் தண்ணீர் அள்ளிக் கொடுக்க எழுப்பிய இரண்டறை வீட்டைச் சொல்கிறார். போருக்குப் பின் இலங்கையில் 50,000 வீடுகள் கட்டிக்கொடுப்பதாக இந்தியா 2010 ஜூனில் அறிவித்தது. ஒப்பந்தம் 2012 ஜனவரி 17இல் கைச்சாத்தானது. முன்னோடியாக ஆயிரம் வீடுகள் அந்த ஆண்டு நடுப்பகுதிக்குள் முடிந்தன. அதன்பின் காந்தி பிறந்தநாளான ஒக்டோபர் 2இல், வடக்கு கிழக்கு எங்கும் பெரிய கட்டம் தொடங்கியது. வீட்டின் பரப்பு 550 சதுர அடிக்குக் குறையக்கூடாது என்பது விதி. யாருக்கு வீடோ அவர்களே நின்று கட்ட வேண்டும் என்பது அதன் முறை.

இந்த முறைதான் அந்தத் திட்டத்தின் பெரிய நன்மை. ஒப்பந்தகாரர் கட்டிப் பூட்டித் திறப்பைக் கையில் கொடுத்த வீடுகள் அல்ல இவை. வாசல் எந்தப் பக்கம், அறை எந்த மூலை, அத்திவாரம் போடும் நாள் எது என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்ய இடமிருந்தது. ஆனால் 550 சதுர அடி என்பது சுவருக்குள் இருக்கும் தரையின் கணக்கு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னியில் வீடு ஒருநாளும் சுவரோடு முடிந்ததில்லை.

பத்தாண்டு கடந்த பிறகு அந்த வீடுகளைப் பார்த்தால் இது விளங்கும். பக்கத்தில் கிடுகோ தகரமோ போட்ட ஒரு மால் நிற்கிறது. வீட்டுக்குள் சமையலறை இருந்தாலும், பின்னால் மண் அடுப்போடு இன்னொரு குசினி எழும்பியிருக்கிறது. வேம்பின் கீழே ஒரு சூலம். கிழக்கே பார்த்த முற்றம் புல் செதுக்கி, கூட்டி, வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. திட்டத்தின் வரைபடத்தில் இல்லாத இந்த இடங்களுக்கு யாரும் மானியம் கொடுக்கவில்லை. மக்கள் தாங்களாகவே கட்டிச் சேர்த்தார்கள். ஏன் சேர்த்தார்கள் என்பதைச் சொல்ல வன்னி வீட்டின் பழைய கதைக்குள் போகவேண்டும்.

வன்னிக் கிராமத்தின் பெயரே குளத்தைச் சொல்லும். புளியங்குளம், மாங்குளம், வவுனிக்குளம், கனகராயன்குளம் என்று பட்டியல் நீளும். மேலே குளம், குளக்கட்டுக்குக் கீழே வயல், சற்று மேடான நிலத்தில் குடிமனைகள், அதற்கப்பால் காடு. கட்டின் ஓரத்தில், பெரும்பாலும் ஒரு பெருமரத்தின் கீழ், ஐயனாரோ பிள்ளையாரோ இருப்பார். 1895இல் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கான கையேட்டை எழுதிய நிர்வாகி ஜே. பி. லூயிஸும், 1909இல் இலங்கையின் தொன்மை பற்றிய நூலில் குளங்களையும் காட்டுத் தெய்வங்களையும் ஆராய்ந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கரும் எழுதியது இந்த உலகத்தைப் பற்றித்தான். காட்டுவழி போகிறவர் ஒரு குழையை முறித்துக் கொப்பில் தொங்கவிட்டுத் தெய்வத்தைக் கும்பிட்டு நடந்த காலம் அது. குளத்தைக் காப்பவர் தெய்வம், குளத்தால் வாழ்பவர் மனிதர் என்ற ஒழுங்கில் ஊர் அமைந்தது. வீடு அந்த ஒழுங்கின் கடைசிக் கண்ணி.

அந்த வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தது. தூணுக்குப் பாலை, வீரை, முதிரை. பாலை வைரம் ஏறிய மரம், கறையானுக்கு இலகுவில் இடம் கொடாது. சுவர் இரண்டு விதமாக எழும்பும். கம்புகளை நட்டு வரிச்சுக் கட்டி, இரு புறமும் மண் அப்புவது ஒன்று. களிமண்ணை மிதித்துக் குழைத்து அடுக்கடுக்காக உயர்த்தி, ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்ததை வைப்பது மற்றது. கூரைக்குப் பனையோலை, கிடுகு, இலுக்குப்புல், வைக்கோல் என்று அந்தந்த ஊரில் எது மலிவோ அது. கூரையின் தாவாரம் தாழ்ந்து இறங்கும். உள்ளே போகிறவர் தலையைக் குனிந்தே போகவேண்டும். மாரி மழை சுவரில் அடிக்காமல் இருக்கவும், சோளகக் காலத்து வெயில் உள்ளே ஏறாமல் இருக்கவும் அந்தத் தாழ்வு வேண்டியிருந்தது.

சுவரின் பூச்சுக்கும் தரைக்கும் சிறந்த மண் புற்றுமண். கறையான் தன் உமிழ்நீரால் ஏற்கெனவே இறுக்கிவைத்த மண் அது. மெழுகினால் வழவழப்பாக நிற்கும், எளிதில் வெடிக்காது. அதே புற்றுத்தான் நாகதம்பிரானின் இருப்பிடமும். புளியங்குளத்தின் அயலில் உள்ள புதூர் நாகதம்பிரான் கோயிலுக்குப் பொங்கல் நாளில் வன்னி முழுவதும் திரளும். சுவருக்கு மண் தரும் புற்றும் கையெடுத்துக் கும்பிடும் புற்றும் ஒரே காட்டில், ஒரே மனிதரின் வாழ்வில் அடுத்தடுத்து இருந்தன. எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்ற அறிவு கட்டடக் கலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. இன்றைய சூழலியல் பாடங்கள் சுற்றிவளைத்துச் சொல்வதை அந்தக் கை அறிந்திருந்தது.

உறங்கும் வீடு சின்னது. ஒரு அறை, முன்னால் ஒரு திண்ணை, அவ்வளவுதான். வாழ்க்கை நடந்தது வெளியில். விருந்தாளி இருக்கவும், நெல்மூட்டை அடுக்கவும், வெயில் நேரத்தில் படுக்கவும் பக்கச்சுவர் இல்லாத மால். குசினி தனிக் கொட்டில். அடுப்புப் பொறி பறந்து ஓலைக்கூரையைப் பிடித்துவிட்டால் படுக்கும் வீடாவது மிஞ்சும். புகைக்கும் வேலை இருந்தது: அது கூரையைப் பூச்சியிலிருந்து காத்தது, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதைச் சோளத்தையும் காத்தது. முற்றத்தின் ஓரத்தில் கொம்பறை. கம்பும் வரிச்சும் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, நிலத்திலிருந்து உயர்த்தி நிறுத்திய நெற்களஞ்சியம். குடும்பத்தின் நிலைமையை வீட்டைப் பார்த்தல்ல, கொம்பறையைப் பார்த்தே ஊர் அளந்தது. எல்லாவற்றையும் சுற்றி அலம்பல் வேலி அல்லது கிடுகு வேலி; தெருவுக்குப் படலை, அயல் வீட்டுக்குப் போய்வர வேலியில் ஒரு பொட்டு. இவ்வளவும் சேர்ந்ததே வளவு. அ. பாலமனோகரன் தண்ணிமுறிப்பைக் களமாக வைத்து 1973இல் எழுதிய 'நிலக்கிளி' நாவலை வாசித்தவர்களுக்கு இந்தக் காட்டோர வாழ்வின் வாசனை தெரிந்திருக்கும்.

தெய்வம் இந்த வளவில் எங்கே இருந்தது? ஒரு அறைக்குள் மட்டும் அல்ல. கார்த்திகை விளக்கீட்டு இரவில் இதைக் கண்ணால் காணலாம். வாசலில் சுட்டி ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களைப் படலையடியில், கிணற்றடியில், மாட்டுக்கொட்டிலில், எருக்கும்பியில், தோட்டத்தில் நட்டுக் கொளுத்துவார்கள். குடும்பம் எந்தெந்த இடங்களால் வாழ்கிறதோ அந்தந்த இடத்துக்கெல்லாம் அன்று ஒரு சுடர் உண்டு. வீட்டின் புனித வரைபடத்தை ஆண்டுக்கு ஒருமுறை நெருப்பால் வரைந்து காட்டும் சடங்கு என்றே அதைச் சொல்லலாம்.

தைப்பொங்கலும் அப்படித்தான். கிழக்கு வெளித்த முற்றம் வேண்டும். அதைச் சாணத்தால் மெழுகி, உலக்கையை வைத்து அரிசிமாவால் சதுரக் கோடு இழுத்து, கோலமிட்டு, நிறைகுடம் வைத்து, மூன்று கல்லில் பானை ஏற்றவேண்டும். கோயில் பொங்கலில் அந்தப் பானைக்கு வளந்து என்று பெயர். சூரியனுக்கும் பானைக்கும் இடையில் சுவர் இருக்கக்கூடாது என்பதே இந்த வழிபாட்டின் கட்டடக் கட்டளை. முற்றத்தை மூடி மண்டபமாக்கி, குளிரூட்டி பொருத்தி, சமையலறை மேடையில் வாயு அடுப்பில் பால் பொங்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இடம் போனால் சடங்கும் சுருங்கும் என்பது மட்டும் உண்மை.

புது வீடு எடுப்பதிலும் இதே கவனம் தெரியும். நிலையம் பார்ப்பார்கள். மனையடி சாத்திரத்தின்படி ஈசான மூலையில் நீர், அக்கினி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் கனம். வட்டாரத்துக்கு வட்டாரம், சாத்திரியாருக்குச் சாத்திரியார் இதில் வேறுபாடு உண்டு. நாள் பார்த்து அத்திவாரக் கல், பிறகு நிலை வைத்தல், கடைசியில் குடிபூரல். குடிபூரலுக்கு முன் நீற்றுப்பூசணி வெட்டிக் கழிப்புக் கழிப்பார்கள். பசுவும் கன்றும் முதலில் வாசல் மிதிக்கும், பின்னால் நிறைகுடம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, சாமிப்படம் ஆகியவற்றோடு வீட்டுக்காரர் வருவார், பால் காய்ச்சுவார்கள். வெட்டிய மரத்துக்கும் தோண்டிய மண்ணுக்கும் அங்கே குடியிருந்த உயிர்களுக்கும் சமாதானம் சொல்லிவிட்டு மனிதர் உள்ளே போகிறார் என்பதே இந்த வரிசையின் பொருள்.

வன்னியின் பெரிய தெய்வத்தின் கதையிலும் ஒரு வீடு வருகிறது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து, வழியில் பல இடங்களில் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் வற்றாப்பளை என்று ஐதீகம். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் முதியவளாக வந்தாள். பிள்ளைகள் அவளுக்கு ஒரு சிறு கொட்டில் போட்டுக்கொடுத்து, பொங்கிப் படைத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள் என்கிறது கதை. வைகாசிப் பொங்கலுக்காக இன்றும் கடல்நீர் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, அங்கிருந்து வற்றாப்பளைக்குப் போகிறார்கள். அம்மன் முதலில் குடியேறியது கோபுரத்தில் அல்ல, இலைகுழைக் கொட்டிலில்.

கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி கொட்டிலுக்கும் கோயிலுக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஆராய்ச்சியாகவே செய்தார். பண்டைய இந்தியக் கட்டடக்கலை பற்றிய அவருடைய கட்டுரை வரிசையில் குடிசைகளையும் அவற்றிலிருந்து கிளைத்த கோயில் வடிவங்களையும் பற்றிய பகுதி ஒன்று உண்டு; அவர் 1947இல் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின், 1988இல் அது அச்சேறியது. கல்லில் நிற்கும் விமானத்தின் வளைவுக்குள் மூங்கிலும் ஓலையும் வளைந்த பழைய குடிசை மறைந்திருக்கிறது என்பதை அவர் காட்டினார். இந்த அறிஞரின் பெயர் பின்னாளில் வன்னியில் எங்கே வைக்கப்பட்டது என்பது மனத்தை அறுக்கும் செய்தி. 2009இல் போர்முனையிலிருந்து வந்த இலட்சக்கணக்கான மக்களை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் ஒரு பகுதிக்கு ஆனந்த குமாரசுவாமி பெயர். மற்றப் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர். வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். வேலி என்றால் முட்கம்பி. முற்றம் என்றால் அடுத்த கூடாரத்தின் கயிறு. அந்த நெருக்கத்திலும் கூடார வாசலைக் கூட்டி, ஒரு படத்துக்கு முன்னால் பூ வைத்தவர்கள் இருந்தார்கள்.

முகாமுக்கு முந்திய குடியேற்ற அலைகளையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வன்னி வீடு ஒரே குடியின் வீடு அல்ல. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவுபெற்றது. நில அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தபின் யாழ்ப்பாணத்தின் காணி நெருக்கடியிலிருந்து மக்கள் கிளிநொச்சிக்கு வந்தார்கள். வட்டக்கச்சி, இராமநாதபுரம், உருத்திரபுரம் போன்ற குடியேற்றங்களில் வயற்காணியும் மேட்டுக்காணியும் கிடைத்தன. வந்தவர்கள் நடுமுற்றம் கொண்ட நாற்சார் வீட்டின் நினைவையும், தெருவில் போகிறவர் இளைப்பாறக் கூரை போட்ட சங்கடப்படலையின் நினைவையும் கொண்டுவந்தார்கள். ஆனால் கற்களும் சுண்ணாம்பும் இருந்த ஊரின் வீட்டை மண்ணும் மரமும் இருந்த ஊரில் அப்படியே எழுப்ப முடியாது. இரண்டும் கலந்தன. தமிழருக்கு எதிரான 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். லயன் அறையில் பிறந்தவர்கள் முதல் தடவையாகத் தமக்கென ஒரு வளவைச் சுற்றி வேலி அடைத்தார்கள். தங்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் அந்த மண்ணில் இருத்தினார்கள். 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணமே பெயர்ந்து வந்தபோது ஒரே வளவுக்குள் நான்கைந்து கொட்டில்கள் எழுந்தன. வளவு இருந்ததால்தான் இடம் கொடுக்க முடிந்தது.

2008இலும் 2009இலும் இறுதிப் போரில் மக்கள் ஓடியபோது கூரைத் தகரத்தையும் ஓட்டையும் நிலைகதவையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். போகுமிடத்தில் தறப்பாள் கொட்டிலாவது போடலாம் என்ற கணக்கு. இடம்பெயர்வு ஒவ்வொன்றிலும் அந்தச் சுமை குறைந்துகொண்டே போனது. திரும்பி வந்தபோது பலருக்குத் தம் வளவை அடையாளம் காட்டியது சுவரல்ல. கிணறும், தப்பி நின்ற ஒரு மரமும்.

இப்படிப்பட்ட மண்ணில்தான் 2015இலும் 2016இலும் 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம் வந்தது. ஆர்செலர்மிட்டல் நிறுவனம் முன்தயாரித்த பகுதிகளைப் பொருத்தி நிறுத்துவதாக ஏற்பாடு. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. பொறியியலாளர்களும் தமிழ் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். வெயில் நாட்டில் இரும்புச் சுவர் எப்படி, விறகடுப்புக்கு எங்கே இடம், அறை கூட்டிக் கட்ட முடியுமா, உள்ளூர் மேசனுக்கும் ஓடாவிக்கும் என்ன வேலை என்ற கேள்விகள் எழுந்தன. அந்தப் பணத்தில் கல்வீடுகள் மேலும் பல கட்டலாம் என்று கணக்குக் காட்டினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு செலவுக் கணக்கால் மட்டும் வந்ததல்ல. கூட்டிக் கட்டவும், மெழுகவும், ஆணி அடித்து ஒரு படம் மாட்டவும் இடங்கொடாத சுவரை வீடு என்று ஏற்க மக்களுக்கு மனம் வரவில்லை.

மறுபக்கத்தில் நல்ல முயற்சிகளும் நடந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், ஹபிட்டற் போர் ஹியுமானிற்றியும் வேர்ல்ட் விஷனும் சேர்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு மாவட்டங்களில் கட்டிய வீடுகளில் அழுத்திய மண்கல் பயன்பட்டது. மண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல், தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தும் கல் அது. விறகு மிச்சம், ஆற்றுமணல் மிச்சம், சுவருக்குள் வெக்கை குறைவு. ஆரம்பத்தில் "திரும்பவும் மண்வீடா?" என்ற தயக்கம் இயல்பானதே. மண்வீடு வறுமையின் அடையாளம் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பூசாமல் விட்ட செம்மண் சுவரின் அழகைக் கொழும்பில் பணக்காரர் விலை கொடுத்து வாங்குகிறார் என்பது கிளிநொச்சி விவசாயிக்கு எப்படி ஆறுதலாகும்?

அந்தக் கொழும்பு அழகுக்கும் ஒரு வரலாறு உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வாவுக்காக அல்பிரட் பிளேஸில் கட்டிய வீடு, தெருவுக்கு மூடி, நடுமுற்றத்துக்குத் திறந்தது. ஐரோப்பிய பங்களாவை விட்டுப் பழைய முற்றத்துக்குத் திரும்பிய அந்த வீடு ஒரு காலகட்டத்தையே திருப்பியது. கேரளத்தில் லாரி பேக்கர் செங்கல்லையும் ஓட்டையும் ஏழைக்கும் எட்டும்படி கையாண்டார். இவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டது மரபின் இடங்களை: காற்று வரும் வழி, மழை விழும் நடு, நிழல் நிற்கும் ஓரம். இன்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் மரபின் பொருள்கள். செட்டிநாட்டில் இடிந்த வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலிருந்து பெருநகர வரவேற்பறைகளுக்குப் போகின்றன. பித்தளை உருளியில் பூ மிதக்கிறது. சுவரில் மரப்பிள்ளையார். இவை அழகுதான். ஆனால் பித்தளை உருளியை வாங்கலாம். கிழக்கு வெளித்த முற்றத்தைக் கடையில் வாங்க முடியாது.

வன்னியில் இன்னும் அந்த முற்றம் இருக்கிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவுகள் இருக்கின்றன. இல்லாமற்போவது கைவேலை. இலுக்கு மேயத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். காட்டில் மரம் வெட்டத் தடை, அது வேண்டிய தடையும்கூட. போருக்கு முன் ஒட்டுசுட்டானில் களிமண் ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. அந்த மண்ணின் ஓடு அந்த மண்ணின் கூரைக்கே ஏறியது. இன்றோ சீற் போட்ட கூரைகள் வெயிலில் காய்கின்றன. வெளிநாட்டுக் காசில் எழும் மாடிவீடுகளில் வளவு முழுக்கச் சீமெந்துத் தரை போட்டு, மாரி வெள்ளத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ஆகிறது. வேம்பும் தறிக்கப்படுகிறது, ஓட்டில் சருகு விழுகிறதாம்.

அடுத்த வீட்டுத்திட்டத்தின் வரைபடத்தை யார் வரைந்தாலும், அவர்கள் முதலில் காணியின் நான்கு எல்லையைக் கீறட்டும். நிற்கும் மரங்களைக் குறிக்கட்டும். கிணற்றையும், கிழக்கு முற்றத்தையும், புகைபோக்கி வைத்த வெளிக் குசினியையும், ஆறடி அகலத் திண்ணையையும் குறித்துவிட்டு, மிஞ்சும் இடத்தில் அறைகளை வைக்கட்டும். விளக்கு எங்கே, சூலம் எங்கே என்று வீட்டுக்காரியிடம் கேட்கட்டும். இதற்கெல்லாம் கூடுதலாகப் பெரிய செலவு இல்லை. தாவாரத்தை இரண்டடி நீட்டும் செலவும், ஒருநாள் அந்த வளவில் இருந்து கேட்கும் பொறுமையும்தான். ஒட்டுசுட்டான் களிமண்ணும் அங்கேயே கிடக்கிறது.